எருமை என்று திட்டலாமா?

(நம் மலையில் வாழும் தோடர்கள் பற்றிய கட்டுரை)

இந்த மாதம் சுவர் இதழில் என்னுடைய முறை. ஒரு சார்ட்டில் அடங்கவில்லை. மூன்று சார்ட் ஒட்டியிருக்கிறேன். நின்று படித்துக் கால் வலித்தால் பாதியைப் படித்துவிட்டு, மீதியை மதிய சாப்பாட்டுக்குப் பிறகு வந்து படிங்க. ஆனா கடைசி வரைக்கும் படிங்க.

முதலில் என் மேல் உள்ள ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எறிபந்து விளையாடும்போது என் தோழி ஒருத்தி கைக்கு வந்த பந்தை விட்டுட்டா. கோபத்தில் நான், "ஏய் எருமை! கண்ணு தெரியலையா?" என்று கத்திவிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவள் தோடர் வீட்டுப் பெண். அவள் அழவும் இல்லை, திருப்பித் திட்டவும் இல்லை. "எங்க வீட்டுல அது திட்டு இல்ல. ஆனா நீ திட்டத்தானே சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் மூணு நாள் என்னோடு பேசவே இல்லை.

அதே வாரம் நூலகப் பீரியடில் வைக்கிங்குகள் பற்றி ஒரு புத்தகம் படித்தேன். அவர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவின் வடக்கே வாழ்ந்த கடலோடிகள். 793-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லிண்டிஸ்பார்ன் என்ற தீவு மடத்தைக் கொள்ளையடித்த பிறகுதான் உலகம் அவர்களைப் பற்றி அதிகமாகப் பேசியது. அவர்களுடைய வீடு, சாமி, சாப்பாடு எல்லாம் எழுதி சுவர் இதழில் ஒட்டப் போகிறேன் என்று சமூக அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் கேட்டாங்க: "அவ்வளவு தூரத்துல இருந்தவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு உனக்குத் தெரியுது. உன் பக்கத்து பெஞ்சுல உட்கார்றவ வீட்டுச் சாமி பேரு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதனால் தோழியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவிடம் அனுமதி வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை எமரால்டு பக்கம் இருக்கிற அவள் ஊருக்குப் போனேன். அவள் பாட்டி சொன்னதும், டீச்சர் சொன்னதும், நான் படித்ததும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

கொம்பு வைத்த தொப்பி

வைக்கிங் என்றாலே கொம்பு வைத்த இரும்புத் தொப்பிதான் படத்தில் வரும். ஆனால் வைக்கிங்குகள் சண்டைக்கு அப்படி ஒரு தொப்பி போட்டதற்கு ஆதாரமே கிடையாது. ஆயிரம் வருடம் கழித்து நாடகத்துக்கு உடை தைத்தவர்களும் படம் வரைந்தவர்களும் பரப்பிவிட்ட கற்பனை அது.

தோடர்களைப் பற்றியும் இதே மாதிரிக் கதைகள் நிறைய. வெள்ளைக்காரர்கள் இந்த மலைக்கு வந்ததும், தாடியும் சால்வையும் உயரமுமாக இருந்த தோடர்களைப் பார்த்து அசந்துபோனார்கள். ஒருவர் இவர்கள் ரோமானியர் வம்சம் என்று எழுதினார். ஒருவர் யூதர்களில் காணாமல் போன குலம் என்றார். சுமேரியாவிலிருந்து வந்தவர்கள் என்றுகூட ஒருவர் சொன்னார்.

உண்மை அவர்கள் வாயிலேயே இருக்கிறது. தோடர் மொழி தமிழ், கன்னடம், மலையாளம் போல ஒரு திராவிட மொழி. எழுத்து கிடையாது. காதில் கேட்கும்போது 'ஸ்', 'ஷ்', 'ஃப்' என்று காற்று போகிற சத்தம்தான் அதிகம் இருக்கும். முதலில் ஒன்றும் புரியாது. ஆனால் கவனித்துக் கேட்டால் நம் 'மூன்று' அங்கே 'மூத்' மாதிரியும், நம் 'பத்து' 'பொத்' மாதிரியும் வரும். தங்களை அவர்கள் 'ஓள்' என்று சொல்லிக்கொள்வார்கள். அது நம்ம 'ஆள்' என்ற சொல்லேதான்! ரோமாபுரிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

தோடர்கள் யார்?

தோடர்களைத் தொதவர் என்றும் சொல்வோம். படுகர் ஊர்களை நான்கு சீமையாகப் பிரிப்பது நமக்குத் தெரியும்: தொதநாடு, பொறங்காடு, மேக்குநாடு, குந்தெ சீமை. இதில் தொதநாடு என்ற பெயரே தோடர்களை வைத்து வந்ததுதான்.

தமிழ்நாட்டில் அரசு தனிக் கவனம் தரும் மிகவும் பின்தங்கிய பழங்குடிகள் ஆறு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இந்த ஆறு பேரும் நம் நீலகிரி மாவட்டத்தில் இருக்கிறார்கள். 1901 கணக்கெடுப்பில் தோடர்கள் எண்ணூறு பேருக்குச் சற்று அதிகம். 2011 கணக்கெடுப்பில் சுமார் 2000 பேர். நம் மஞ்சூர் சந்தையில் ஒரு நாள் கூடுகிற கூட்டம் அளவுக்குத்தான் ஒரு முழு இனமும் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

தோடர்களில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. ஒன்று தார்தார், இன்னொன்று தைவாளி. ஒவ்வொன்றுக்குள்ளும் பல குலங்கள். அப்பா வழிக் குலம் ஒன்று, அம்மா வழிக் குலம் ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு குலக் கணக்கு உண்டு. கல்யாணத்துக்கு இரண்டையும் பார்க்கணும்.

1906-ஆம் ஆண்டு ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் தோடர்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பின்னர் 1930-களில் எமனோ என்ற மொழியறிஞர் வந்து இவர்களுடைய மொழியையும் பாட்டுகளையும் எழுதி எடுத்தார். தோடர்களில் யார் வேண்டுமானாலும் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டிவிடுவார்கள் என்று அவர் ஆச்சரியப்பட்டார். நமக்குக் கட்டுரைப் போட்டிக்கே ரெண்டு நாள் வேணும்!

மந்தும் வீடும்

தோடர்கள் வாழும் ஊரின் பெயர் மந்து. மந்தை, மன்று என்ற நம் சொற்களுக்கு அது சொந்தக்காரச் சொல். ஊட்டியின் பழைய பெயர் ஒட்டகமண்ட் என்று வெள்ளைக்காரர்கள் எழுதினார்களே, அதன் கடைசியில் இருப்பதும் இந்த மந்துதான். 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபோது அது தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளி.

ஒரு மந்தில் சில வீடுகள்தான் இருக்கும். பழைய வீடு எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு பெரிய பீப்பாயைப் படுக்க வைத்து நெடுக்குவாட்டில் பாதியாக அறுத்துத் தரையில் கவிழ்த்த மாதிரி. மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்வார்கள். வாசல் மூன்றடி உயரம்தான். தவழ்ந்து போகணும். நம்ம ஊர் குளிருக்கும், காற்றுக்கும், ராத்திரி வரும் காட்டு விலங்குக்கும் சின்ன வாசல்தான் பாதுகாப்பு. உள்ளே படுக்க மேடை, ஓரத்தில் அடுப்பு. தோழி வீடு இப்போது சிமெண்ட் வீடுதான். டிவி கூட இருக்கு. நான் அதைப் பார்த்து முழித்ததும், "நாங்க மியூசியத்துலயா இருக்கோம்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

ஊட்டி பக்கத்தில் முத்தநாடு மந்தில் ஒரு கோயில் இருக்கிறது. அது பீப்பாய் மாதிரி இல்லாமல் கூம்பாக, கூர்க்குல்லாய் வைத்த மாதிரி உயரமாக இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை டிசம்பர், ஜனவரி மாதவாக்கில் எல்லா மந்துகளிலிருந்தும் ஆண்கள் அங்கே கூடி மொற்பர்த் பண்டிகை கொண்டாடுவார்கள். வட்டமாக நின்று ஆடிப் பாடுவார்கள். வாலிபர்கள் வழவழப்பான பெரிய கல்லைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டுவார்கள். பேப்பரில் வருடா வருடம் படம் வரும்.

பால்தான் சாமி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தோடர்களின் கோயிலுக்குள் சிலை இருக்காது. என்ன இருக்கும்? பால் சட்டி, மோர்ச் சட்டி, மூங்கில் பாத்திரம், மத்து, பழைய மணி! ஆமாம். அவர்களுடைய கோயில் என்பது பால் கடையும் இடம்தான். கோயில் எருமையின் பாலைக் கறந்து, உறை ஊற்றி, கடைந்து, வெண்ணெய் எடுத்து உருக்குவதுதான் பூசை. அதைச் செய்கிறவர்தான் பூசாரி. அவர் கோயிலிலேயே தங்கி, கட்டுப்பாடாக இருந்து, மந்திரம் சொல்லித்தான் மத்தைத் தொடுவார்.

எருமைகளில் வீட்டு எருமை வேறு, கோயில் எருமை வேறு. கோயில் எருமையின் பாலைப் பூசாரியைத் தவிர வேறு யாரும் கறக்கக் கூடாது. எருமைகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பதுகூட ஒரு சடங்கு. அதற்கு நாள் பார்ப்பார்கள். சில சடங்குகளுக்குத் தீப்பெட்டி கூடாது. கட்டையோடு கட்டை தேய்த்துத்தான் நெருப்பு உண்டாக்குவார்கள்.

ஒவ்வொரு எருமைக்கும் பெயர் உண்டு. அதன் அம்மா யார், பாட்டி யார் என்று வரிசையாகச் சொல்வார்கள். தோழியின் பாட்டி மேட்டில் நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த நாலு எருமையில் ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. நம்ம வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது நாமே இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை.

தோடர் எருமை தனி ரகம். கொம்பு நீளமாக வெளிப்பக்கம் விரிந்து பிறை மாதிரி வளைந்திருக்கும். சமவெளி எருமை மாதிரி சாந்தமாக நினைத்துப் பக்கத்தில் போகாதீங்க, முட்டிவிடும். அதன் பாலில் கொழுப்புச் சத்து எட்டு சதவீதம் வரை இருக்கும். பாட்டி கொடுத்த மோரைக் குடித்தபோது உதட்டில் வெண்ணெய் ஒட்டியது.

இங்கே ஒன்று சொல்லியே ஆகணும். பெண்கள் இந்தப் பால் கோயில் பக்கம் போகக் கூடாது. அவர்களுக்கு நடக்கும் பாதை கூடத் தனி. பாட்டி, "எனக்கு எழுபது வயசு ஆச்சு, அந்தப் பாதையை ஒரு தடவைகூட மிதிச்சதில்ல" என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அது பெருமையாகத் தோன்றவில்லை. தோழியிடம் தனியாகக் கேட்டேன். "எனக்கும் ஒரு தடவை உள்ள எட்டிப் பார்க்கணும்னு ஆசைதான். ஆனா பார்த்துட்டா அப்புறம் அது கோயிலா இருக்காதுன்னு பாட்டி சொல்றாங்க" என்றாள். நான் வேறொன்றும் கேட்கவில்லை. நம்ம ஊர்லயும் பெண்கள் போகக் கூடாத இடம் இல்லையா என்ன?

அவர்களுடைய ஒரு நாள்

அந்தக் காலத்தில் ஒரு மந்தில் பொழுது எப்படிப் போகும் என்று பாட்டி சொன்னார்கள். காலையில் ஆண்கள் வெளியே வந்ததும் சூரியனைப் பார்த்து, கையை முகத்துக்கு நேரே வைத்து, கட்டைவிரல் மூக்கைத் தொடுகிற மாதிரி வணங்குவார்கள். பூசாரி முந்தின நாள் பாலைக் கடைவார். பிறகு எருமைகளைக் கறந்து மேய்ச்சலுக்கு விடுவார்கள். பெண்கள் வீட்டு வேலை, சமையல் முடித்து வெயிலில் உட்கார்ந்து பூ வேலை செய்வார்கள். சாயந்திரம் எருமைகள் தானாகத் திரும்பி வரும். மறுபடி கறத்தல். விளக்கு ஏற்றி வணக்கம். அவ்வளவுதான்.

சாப்பாடு பால், மோர், தயிர், நெய், சாமை, அரிசி, கீரை. அரிசியை மோரில் வேக வைத்துச் சாப்பிடுவார்கள். பொதுவாக இறைச்சி சாப்பிட மாட்டார்கள். பெரியவர்களைப் பார்த்தால் சின்னவர்கள் குனிந்து தலையைக் காட்டணும். பெரியவர் தன் பாதத்தைத் தூக்கி அந்த நெற்றியில் வைத்து ஆசீர்வாதம் செய்வார். நாம் காலில் விழுவோம், அங்கே கால் நம் நெற்றிக்கு வரும். பாட்டி எனக்கும் செய்தார்கள்.

உடை ஒரு கனமான வெள்ளைப் பருத்திச் சால்வை. பெயர் பூத்துக்குளி. சிவப்பு, கறுப்பு நூலில் அதில் பூ வேலை செய்திருக்கும். பென்சிலால் வரைந்துகொள்வதே இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி போடுவார்கள். எருமைக் கொம்பு, சூரியன், சந்திரன், அணில் எல்லாம் அதில் வரும். 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது தோடர் பூ வேலை என்ற பெயரில் வேறு யாரும் போலியாக விற்கக் கூடாது. என் தோழிக்கு எட்டு வயதிலேயே தெரியும். கணக்குப் பாடத்தில் அவள் ஏன் தப்பே பண்ணுவதில்லை என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது.

குச்சி வில்லும் புல் அம்பும்

வைக்கிங் வீரர்கள் பலர் வாள், கோடாலி, கேடயத்தோடு புதைக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் போர்தான் பெருமை. தோடர்களிடம் போர் ஆயுதமே கிடையாது. ஒரே ஒரு வில் அம்பு உண்டு. அது எதற்குத் தெரியுமா?

ஒரு பெண் கருவுற்று ஏழாம் மாதம் ஆகும்போது, காட்டில் ஒரு மரத்தடியில் சொந்தக்காரர்கள் கூடுவார்கள். மரத்தில் சின்னதாகக் குழி செய்து விளக்கு வைப்பார்கள். கணவன் ஒரு குச்சியை வளைத்து வில்லும், புல்லில் அம்பும் செய்து அவள் கையில் கொடுப்பான். "இந்தக் குழந்தைக்கு நான்தான் அப்பா" என்று ஊரறியச் சொல்லும் சடங்கு அது. அந்தக் காலத்தில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்ததால், குழந்தைக்கு அப்பா யார் என்று ஊருக்குச் சொல்ல இந்தச் சடங்கு அவசியமாக இருந்தது. அந்த வழக்கம் இப்போது இல்லை. வில் அம்பு மட்டும் இன்னும் இருக்கிறது. வெளியாட்கள் எழுதியதில் பாதி அந்தப் பழைய கல்யாணத்தைப் பற்றித்தான். அதனால் என் தோழிக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. நானும் இதோடு நிறுத்திக்கிறேன்.

எருமையின் வாலைப் பிடித்து வந்த மனிதன்

இனி அவர்கள் நம்பிக்கைகள். டீச்சர் கேட்ட சாமி பெயரும் இதில் வருகிறது. தோடர்களின் பெரிய தெய்வங்கள் இருவர். தேக்கிர்சி என்ற அம்மன், அவருடைய சகோதரர் ஓன். இவர்கள் தவிர ஒவ்வொரு மலை உச்சியிலும் ஒரு தெய்வம் குடியிருக்கிறது.

ரிவர்ஸ் எழுதி வைத்த ஒரு கதை நடந்த இடம் எது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீங்க. நம்ம குந்தா மலை! ஓன் தன் மனைவியோடு குந்தா மலை உச்சிக்கு வந்தாராம். மலையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நீளமான ஓர் இரும்புக் கம்பியை நட்டாராம். ஒரு முனையில் ஓன் நின்று பூமியிலிருந்து எருமைகளை வரவழைத்தார். 1600 எருமைகள் வந்தன. மறு முனையில் அவர் மனைவி நின்றார். 1800 எருமைகள் வந்தன. (யார் அதிகம் என்பதை ஆண் தோழர்கள் கவனிக்கவும்.) ஓன் வரவழைத்த எருமைகளில் கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வெளியே வந்தான். அவன்தான் முதல் தோடர். அவனுடைய விலா எலும்பிலிருந்து முதல் பெண்ணை ஓன் உண்டாக்கினார்.

கதை சின்னதுதான். ஆனால் அதில் யார் முதலில் வந்தார் என்று பாருங்கள். எருமை முதலில், மனிதன் பின்னால், அதுவும் வாலைப் பிடித்துக்கொண்டு! நாம் எருமை என்றால் மந்தமானது, அறிவில்லாதது என்று நினைத்துத் திட்டுகிறோம். அவர்களோ தங்களையே எருமைக்குப் பின்னால் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

குந்தா வழியாகப் போகும் பாதை

இன்னொரு கதை. ஓனுடைய மகன் இறந்துவிட்டான். மகனைப் பிரிய மனமில்லாமல் ஓன் அவன் பின்னாலேயே மறு உலகத்துக்குப் போய்விட்டார். இன்றைக்கும் இறந்தவர்களின் உலகத்துக்கு அவர்தான் தலைவர். உயிரோடு இருக்கிறவர்களைத் தேக்கிர்சி அம்மன் பார்த்துக்கொள்கிறார். சாமியாக இருந்தாலும் அப்பா அப்பாதானே!

அந்த மறு உலகத்தின் பெயர் அம்னோர். அது மேற்கே இருக்கிறது. இறந்தவரின் உயிர் குந்தா மலைகளைத் தாண்டித்தான் போகணும். வழியில் ஒரு கல் இருக்கிறது. அதைத் தட்டினால் இந்த உலகத்து மேல் இருக்கிற பாசமெல்லாம் போய்விடும். அதற்குப் பிறகு ஒரு ஆறு. அதன் மேல் நூலால் ஆன பாலம். நல்லவர்கள் அதில் நடந்து போய்விடுவார்கள். பொறாமைக்காரர்கள், சுயநலக்காரர்கள் நடந்தால் நூல் அறுந்து ஆற்றில் விழுவார்கள். ஆறு முழுக்க அட்டை! மழைக்காலத்தில் பள்ளிக்கு நடந்து வருகிற நமக்கு அட்டையைப் பற்றிச் சொல்லித் தரணுமா?

வைக்கிங்குகளின் கதையிலும் இறந்தவர் போகும் வழியில் ஓர் ஆறும் பாலமும் வரும். ஆனால் எனக்குப் பிடித்தது தோடர் கதையின் முடிவு. ஆற்றில் விழுந்தவர்களும் சில காலம் கழித்து அக்கரை சேர்ந்துவிடுவார்கள். யாரையும் நிரந்தரமாக ஒதுக்கி வைப்பதில்லை. அம்னோரில் எல்லாரும் நடந்து நடந்து கால் முட்டி வரைக்கும் தேய்ந்துவிட்டால், ஓன் அவர்களை மறுபடி இந்த உலகத்துக்கே அனுப்பிவிடுவார்.

அங்கேயும் பால் வேண்டுமே! அதனால்தான் இறந்தவரோடு ஒரு எருமையும் போகிறது. சாவுச் சடங்கில் ஒரு பெண் எருமையைப் பிடித்துப் பலி கொடுப்பார்கள். அதன் கொம்பைத் தொட்டு எல்லாரும் அழுவார்கள். அழுவது இறந்தவருக்காகவும்தான், எருமைக்காகவும்தான். நார்வேயில் 834-ஆம் ஆண்டு இரண்டு வைக்கிங் பெண்களை ஒரு கப்பலில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். 1904-இல் தோண்டியபோது பத்துக்கும் மேற்பட்ட குதிரைகளின் எலும்புகளும் இருந்தன. கடல்காரர்களுக்குக் கப்பல், மலைக்காரர்களுக்கு எருமை. எதை வைத்து வாழ்ந்தார்களோ அதைத்தான் கூட அனுப்பியிருக்கிறார்கள்.

பணம் இல்லாத கொடுக்கல் வாங்கல்

பழைய நாளில் இந்த மலையில் கடை கிடையாது. தோடர் பாலும் நெய்யும் கொடுப்பார். படுகர் தானியம் கொடுப்பார். கோத்தர் மண்பானையும் இரும்புச் சாமானும் செய்து தருவார், சாவுக்கு வந்து வாத்தியம் வாசிப்பார். குறும்பர் தேன், மூங்கில், பிரம்பு கொண்டு வருவார். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் இல்லை. நம்ம வகுப்பிலும் இந்த நாலு வீட்டுப் பிள்ளைகள் உண்டு. இப்போது பேனா, ரப்பர்தான் மாற்றிக்கொள்கிறோம்.

இப்போது என்ன நிலை?

பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர்கள் மந்தில் முப்பதுக்கும் மேல் எருமைகள் இருந்தனவாம். இப்போது நான் பார்த்த அந்த நாலுதான்.

ஏன் குறைந்தது? எருமைக்குப் புல் வேண்டும். நம் மலையின் இயற்கை என்பது பள்ளத்தில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி. வெள்ளைக்காரர்கள் காலத்தில் அந்தப் புல்வெளியைத் தரிசு நிலம் என்று நினைத்துச் சீகை மரமும் கற்பூர மரமும் நட ஆரம்பித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருடம் நட்டார்கள். சீகை தானாகவே பரவும். அதற்குக் கீழே புல் முளைக்காது. மீதியில் தேயிலையும் உருளைக்கிழங்கும் வந்தன.

அப்புறம் அணைகள். 1950-களின் பிற்பகுதியிலிருந்து கனடா நாட்டு உதவியோடு குந்தா நீர்மின் திட்ட வேலைகள் நடந்தன. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து என்று அணைகள் கட்டினார்கள். போர்த்திமந்து என்ற பெயரிலேயே மந்து இருக்கிறது பாருங்கள். பாட்டி அணைத் தண்ணீரைக் காட்டி, "இதுக்கு அடியில நல்ல புல் இருந்துச்சு" என்றார்கள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த மின்சாரத்தில்தான் நான் ராத்திரி படிக்கிறேன். என் தாத்தா பாட்டி 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அம்மாவும் கொழுந்து பறிக்கிறாங்க. எங்களுக்குச் சோறு போட்ட அந்தத் தேயிலை இருக்கிற இடத்தில் முன்னாடி என்ன இருந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. லைட்டும் வேணும், தேயிலையும் வேணும். ஆனா யாரோ ஒருத்தர் அதற்காக எதையோ விட்டுக் கொடுத்திருக்காங்க என்றாவது நமக்குத் தெரியணும் இல்லையா?

கோயில் கூரைக்கும் இதே கஷ்டம்தான். தோடர் கோயில் வேயக் கண்ட புல்லைப் போட முடியாது. சதுப்பு நிலத்தில் மட்டும் வளரும் ஓர் அரிய புல் வேண்டும். அது நீலகிரியின் ஈர நிலங்களில் இருக்கிறது. அந்த ஈர நிலம் வற்றினால் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் கூரை இல்லை. தோழி மந்தின் கோயிலில் இப்போது பாதிக்குத் தகரம் போட்டிருக்கிறார்கள். மழை பெய்யும்போது வரும் சத்தம் பாட்டிக்குப் பிடிக்கவே இல்லையாம். "எங்க சாமிக்கு இந்தச் சத்தம் பழக்கமில்ல" என்றார்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

* எருமையைக் குறிக்கும் தோடர் சொல் 'இர்'. நம் 'எருமை' என்ற சொல்லின் உறவுக்காரச் சொல் அது.
* தோடர்களின் பூ வேலையில் முக்கியமான நிறங்கள் சிவப்பும் கறுப்பும்.
* வைக்கிங் காலம் 1066-ஆம் ஆண்டு வாக்கில் முடிந்துவிட்டது. தோடர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள்.

கடைசியாக

இதில் மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். வைக்கிங்குகளை இனி மண்ணைத் தோண்டித்தான் தெரிந்துகொள்ள முடியும். தோடர்களைத் தெரிந்துகொள்ளத் தோண்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். கேட்காமல் விட்டால், ஒரு நாள் நம்மையும் யாராவது கொம்பு வைத்த தொப்பி மாட்டித்தான் வரைவார்கள்.

இந்தக் கட்டுரையை ஒட்டுவதற்கு முன் என் தோழியிடம் கொடுத்தேன். சிவப்பு மையால் இரண்டு இடத்தில் திருத்தினாள். கடைசியில், "எங்க எருமை உன்னைப் பார்த்து முட்ட வந்ததை எழுதவே இல்லையே" என்றாள். ஆமாம், ஓடினேன், செருப்புகூட ஒன்று அங்கேயே விழுந்துவிட்டது. எழுதிவிட்டேன், போதுமா?

அன்பு நண்பர்களே, எனக்காக ஒன்று செய்யுங்கள். இனிமேல் யாரையும் எருமை என்று திட்டாதீங்க. திட்டணும் என்றால் வேறு சொல் தேடிக்கொள்ளுங்கள். அதைவிடத் திட்டாமலே இருந்தால் ரொம்ப நல்லது. என்னை யாராவது எருமை என்று சொன்னால் நான் கோபப்பட மாட்டேன். நம்ம குந்தா மலை உச்சியில் முதலில் வந்தது யார் என்று எனக்கு இப்போது தெரியும்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி,
குந்தா.

(தப்பு இருந்தால் கிழிக்காதீங்க. என்னிடம் வந்து சொல்லுங்கள், திருத்துகிறேன்.)